திரையில் எரிந்த பல்பு

ஜூலை 8, திங்கள்

ஏழாம் வகுப்புக்கு டேப்லெட் வந்துவிட்டது. மின்சுற்றுப் பாடம் இனி திரையில்தான் என்று தலைமையாசிரியை ஆசிரியர் அறையில் நின்றபடியே அறிவித்தார். விரலால் இழுத்தால் வயர், தொட்டால் ஸ்விட்ச். பிறகு என்னிடம் மட்டும், "இது நல்லா போச்சுன்னா அறிவியல் லேப் எதுக்கு? அந்த ரூமைக் கம்ப்யூட்டருக்குக் குடுத்துடலாம். மாசக் கடைசியில உங்க கிளாஸ்ல வந்து உக்காந்து பாக்குறேன். அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்" என்றார்.

"பாருங்க" என்றேன்.

அந்த அறையை விட்டுத்தர மாட்டேன். ஆனால் செய்து பார்க்காமலே ஒன்றைத் திட்டுவதும் நான் படித்த படிப்புக்கு அழகில்லை.

ஜூலை 10, புதன்

வீட்டில் உட்கார்ந்து நானே செய்து பார்த்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பாடமா, கேமா?" என்றார்.

"அதைத்தான் கண்டுபிடிச்சிட்டிருக்கேன்."

திரையில் வயருக்குள் மின்னோட்டம் புள்ளி புள்ளியாக ஓடுகிறது. பல்புக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே எண்ணிக்கை. பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்று நம்பாத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. கரும்பலகையில் எத்தனை அம்புக்குறி போட்டாலும் அசையாத நம்பிக்கை. இது அசைக்குமோ? அசைக்கலாம்.

ஜூலை 15, திங்கள்

முதல் வகுப்பு. எல்லாருக்கும் முழு மதிப்பெண். கணினி ஆசிரியருக்கு, என் கடைசித் தம்பி வயதுதான் இருக்கும், வாயெல்லாம் பல். "பாத்தீங்களா மேடம்?"

பார்த்தேன். பச்சைக் குறி வரும்வரை கண்டபடி தட்டுகிறார்கள். முன் வரிசையில் ஒருத்தி, வகுப்பே வாயாடி என்று கூப்பிடும் பெண். அவளிடம், "ஏம்மா இதுதான் சரின்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் செவப்பு வந்துச்சு மிஸ்."

இவ்வளவு நேர்மையாகச் சொன்னால் எப்படித் திட்டுவது?

ஜூலை 16, செவ்வாய்

பச்சை, சிவப்பு இரண்டையும் எடுக்கச் சொன்னேன் கணினி ஆசிரியரிடம்.

"பசங்க அழுவாங்க மேடம்."

"அழட்டும் தம்பி. எடுங்க."

எடுத்துவிட்டார். தலையைச் சொறிந்துகொண்டுதான்.

ஜூலை 18, வியாழன்

என் சட்டம் இது: என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் திரையில் விரல். வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது.

"பல்பைத் தாண்டினா கம்மியாதான்டா போகும்!"

"பந்தயமா?"

தொட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. மறுபடி எண்ணினார்கள்.

வாயாடிதான் முதலில் நிமிர்ந்தாள். "அப்ப பல்பு எதைத்தான் மிஸ் எடுத்துக்குது?"

இந்தக் கேள்வி ஏழாம் வகுப்பிலிருந்து எனக்கு வந்ததே இல்லை. மாலை முழுவதும் அதே நினைப்பு.

ஜூலை 25, வியாழன்

நாளை தலைமையாசிரியை வருகிறார். பாதி நேரம் திரை, பாதி நேரம் நிஜ பேட்டரி, நிஜ பல்பு. ஒன்று கவனித்தேன் – திரையில் இருக்கும் வயருக்கு மேலுறையே கிடையாது. பக்கத்தில் கொண்டுபோனாலே ஒட்டிக்கொள்கிறது. வருடாவருடம் வயரின் முனைகளைச் சீவி வைப்பவள் நான். இந்த முறை சீவப் போவதில்லை. கத்தரிக்கோல்களை மட்டும் மேசையில் வைப்பேன்.

ஒரு பல்பும் எரியாமல் போனால்? லேபும் போகும்.

எரியும்.

ஜூலை 26, வெள்ளி

ஒன்றுகூட எரியவில்லை! திரையில் நொடியில் முடித்தவர்கள் பேட்டரியைக் குலுக்குகிறார்கள், பல்பை ஊதுகிறார்கள். தலைமையாசிரியை என் காதோரம், "இதுக்குத்தான் டேப்லெட்டே போதும்னேன்" என்றார். பதில் நாக்கு நுனிவரை வந்தது – சொல்லிக்கொடுத்துவிடலாமா? கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். திரையையும் வயரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த வாயாடி திடீரென்று கத்தினாள்.

"டேய், இது சட்டை போட்டிருக்குடா! கழட்டுங்கடா!"

கத்தரிக்கோலுக்கு அடிதடி. ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

தலைமையாசிரியைக்கும் கை துறுதுறுத்தது. வரலாறு படித்தவர். சீவிய வயர் இரண்டையும் பேட்டரியின் ஒரே முனையில் வைத்துவிட்டு, "என்னோட பல்பு பழுது" என்றார்.

"பழுதெல்லாம் இல்ல மிஸ். நீங்க வட்டத்தை முடிக்கல. புள்ளி எப்படித் திரும்பி வரும்?" என்று வாயாடி டேப்லெட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் திரையைப் பார்த்தார், ஒரு வயரை மாற்றி வைத்தார், எரிந்தது. "ஏய்!" என்றார், பிள்ளைபோல. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்தால் நன்றாக இருக்காது.

முடிவு எதுவும் சொல்லாமல் போனார். நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

எலக்ட்ரீஷியன் ஒருவர் லேபுக்கு வந்தார். தலைமையாசிரியை அனுப்பினாராம், லேபை அப்படியே விட்டுவிட்டு மேசைகளில் டேப்லெட்டுக்குச் சார்ஜ் போடும் பாயிண்ட் மட்டும் வைக்க.

"எந்தப் பக்கம் வைக்கட்டும் டீச்சர்?"

தண்ணீர்க் குழாயைவிட்டுத் தள்ளி, என்று இடத்தைக் காட்டிவிட்டு எட்டாம் வகுப்புக்குப் போனேன்.