புதன்கிழமை உபயகாரர்

14.09.2022, புதன்

காலைப் பிரார்த்தனையில் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். வெறும் தேநீரோடு வந்ததுகள். பாடசாலைச் சாப்பாடு நின்றுவிட்டது. சமைத்துத் தந்த சிவக்கொழுந்து அக்காவுக்கு அரசாங்கக் காசு வந்து மாதக்கணக்கு. கடைக்காரரும் இனிக் கடன் இல்லை என்றுவிட்டார். நாட்டிடம் காசில்லையாம். சரி, அதற்கு முதலில் கைவைக்க இந்தப் பிள்ளைகளின் வயிறா கிடைத்தது?

சாப்பாடு இல்லையென்றால் பிள்ளைகள் வரமாட்டார்கள். பிள்ளைகள் குறைந்தால் எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள்.

பின்னேரம் பள்ளிக்கூட அதிபர் உதயகலா கூப்பிட்டார். "ஐரிஸ் ரீச்சர், ஒரு யோசனை வைச்சிருக்கிறன். கோயில் வழக்கம்தான். நீங்கள் வேதக்காரி, சிரிக்கக்கூடாது."

20.09.2022, செவ்வாய்

சிரிக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

பெற்றோர் கூட்டத்தில் உதயகலா உதவி என்ற சொல்லையே எடுக்கவில்லை. கரும்பலகையில் ஐந்து நாள்களையும் எழுதி, "எந்த நாள் சாப்பாடு ஆரின்ரை உபயம்?" என்று கேட்டார். அவ்வளவுதான். கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்ன வீட்டு உபயம் என்று வந்துவிட்டால் இந்தச் சண்டிலிப்பாய்ச் சனம் எப்பாடுபட்டாவது செய்யும். வெள்ளிக்கிழமைக்கு மூன்று குடும்பம் சண்டை! புதன்கிழமையை வெங்காயத் தோட்டம் செய்யும் சண்முகநாதன் எடுத்துக்கொண்டார். நாலாம் வகுப்பு மதுஷாவின் தகப்பன்.

எங்கள் மெதடிஸ்த சபையில் இதற்கு ஒரு செயற்குழு போட்டு, ஜெபம் பண்ணி, அடுத்த வருஷம் முடிவெடுத்திருப்போம். உதயகலா ஒரு சோக்குக் கட்டியோடு முடித்துவிட்டார்.

12.10.2022, புதன்

போன வெள்ளி வடை. திங்கள் வடையும் அப்பளமும். இன்று சண்முகநாதன் பாயாசம்! தோளில் சால்வையோடு நின்று பரிமாறுகிறார். ஒருநாளும் இங்கே ஒரு வாய் சாப்பிடமாட்டார், உபயகாரர் அல்லவா. பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள்.

உதயகலாவுக்கு மட்டும் முகம் சரியில்லை. "சனம் செய்யுதெண்டு அரசாங்கம் நைசாக் கையைக் கழுவிவிடும் ரீச்சர். இது அவையின்ரை வேலை."

02.11.2022, புதன்

எனக்கு வந்த கோபத்துக்கு இன்று எதையாவது உடைத்திருப்பேன்.

தை மாதத்திலிருந்து சாப்பாட்டுக் காசு திரும்ப வரப்போகிறதாம், ஆனால் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் காணாதாம். யாருக்குத் தேவை என்று பார்க்கக் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். "இண்டைக்கு மட்டும் கொண்டுவராதேங்கோ அண்ணை" என்று உதயகலா நேற்றே சண்முகநாதனிடம் கெஞ்சியிருந்தார். "உபயத்தை நிப்பாட்டுறதோ? என்ன கதை ரீச்சர் இது!" என்றாராம். கொண்டுவந்தார். சோறு, நாலு கறி, வடை, பாயாசம்.

அதிகாரி வாழையிலையைப் பார்த்தார். "சனம் கஷ்டப்பட்டெல்லோ தருகினம்?"

மற்ற உபயகாரரும் பக்கத்தில் நின்றார்கள். சண்முகநாதன் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்களுக்கு ஒரு குறையும் இல்லை ஐயா" என்றார்.

முடிந்தது.

04.11.2022, வெள்ளி

கந்தோரிலிருந்து போன் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இல்லையாம். இதைவிட மோசமான இடங்கள் இருக்கின்றனவாம். அந்த மனிதரையும் குறை சொல்ல முடியாது. கண்ணால் பார்த்ததைத்தானே எழுதுவார்?

06.11.2022, ஞாயிறு

ஆராதனை முடிந்து மருதனார்மடம் சந்தைக்குப் போனேன். சண்முகநாதனின் மனைவி பாலேஸ்வரி, வியாபாரிகள் கழித்துப் போட்ட முட்டைக்கோவா இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "மாட்டுக்கு ரீச்சர்" என்றார்.

உங்களிடம் மாடு ஏது என்று என் வாய் கேட்டுவிட்டது. சும்மா இருந்திருக்கலாம்.

அழுதுவிட்டார். "மண்ணெண்ணெய் இல்லாமல் மெசின் போட்டுத் தண்ணி இறைக்கேலாமல் போச்சு. வெங்காயம் முழுக்கக் காஞ்சிட்டுது. நானும் அவரும் ஒருநேரம்தான் சாப்பிடுறம். மிச்சம் புதன்கிழமைக்கு. மற்றாக்கள் பாயாசம் குடுக்க நாங்கள் சோறும் பருப்பும் குடுக்கேலுமே?"

கொழுப்பெடுத்த மனிதர் என்று புதன் முழுக்க வைதேனே. ஆண்டவரே.

09.11.2022, புதன்

உதயகலாவிடம் சொன்னேன். அவர் சண்முகநாதனைத் தனியாகக் கூப்பிட்டார். ஏசுவார் என்றுதான் நினைத்தேன். "அண்ணை, வாற புதனுக்குக் கஞ்சி காணும். பிள்ளையளுக்கு அதுதான் நல்லது" என்று மட்டும் சொன்னார். பாலேஸ்வரி என்னிடம் சொன்னதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சண்முகநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அப்படி ஒருவரின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு கதைக்க எனக்கு இந்தப் பிறவியில் வராது.

15.11.2022, செவ்வாய்

நேற்று வானொலியில் அடுத்த வருஷத்து வரவு செலவுத் திட்டம் வாசித்தார்கள். கோடிகள், கோடிகள். கேட்டுக்கொண்டே நித்திரையாகிவிட்டேன்.

இன்று உதயகலாவும் நானும் கந்தோருக்குப் போய்த் திரும்பக் கேட்பதாக இருந்தோம். விடிய, கோயிலுக்குக் கட்டும் வேட்டியோடு பள்ளிக்கூட வாசலில் சண்முகநாதன். "கந்தோருக்குப் போறியளாம். நானும் வாறன்."

மூவரும் போனோம். ஆள்கள் நிறைந்த கந்தோரில், எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

"ஐயா, அண்டைக்கு நான் சொன்னது பொய். எங்கடை வீட்டிலை ஒருநேரந்தான் உலை வைக்கிறம். மற்ற வீடுகளும் அப்பிடித்தான், ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லமாட்டினம். எங்களாலை இனி ஏலாது. என்ரை பிள்ளை பசியோடை படிக்கக்கூடாது."

சால்வையை இடுப்பில் கட்டியிருந்தார். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்கு அழுகை வந்ததால்.

அதிகாரி எழும்பித் தன் கதிரையையே இழுத்துப் போட்டார். "இருங்கோ அண்ணை. நான் திரும்ப எழுதுறன். கட்டாயம் வருமெண்டு மட்டும் சொல்லேலாது."

உதயகலா அப்போதுதான் வாயைத் திறந்தார். "நீங்கள் எழுதுங்கோ ஐயா. வரும்வரைக்கும் நான் ஒவ்வொரு கிழமையும் இங்கை வந்து இருப்பன்."

16.11.2022, புதன்

இன்று கஞ்சி. "வடை இல்லையோ மாமா?" என்று பிள்ளைகள் கேட்க, "வடை முடிஞ்சுது ராசா" என்று சண்முகநாதன் சிரித்தார்.

18.11.2022, வெள்ளி

நேற்றும் கஞ்சி, இன்றும் கஞ்சி. எல்லா வீட்டாரும் யாராவது முதலில் இறங்கமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்!

13.12.2022, செவ்வாய்

உதயகலா இன்றும் கந்தோருக்குப் போனார். பஸ் இல்லை. மழையில் சைக்கிள்.

08.02.2023, புதன்

சிவக்கொழுந்து அக்கா திரும்ப வந்துவிட்டார். அரசாங்கக் காசில் சோறு, பருப்பு, ஒரு முட்டை.

உதயகலா கரும்பலகையைத் துடைக்கப் போக, சண்முகநாதன் வாசலில் நின்றார். "புதன்கிழமை எங்கடையெல்லோ ரீச்சர்?"

"இது அரசாங்கம் செய்யவேண்டிய வேலை அண்ணை. அவை செய்யட்டும்."

"அப்ப... வாழைப்பழம்?"

உதயகலா யோசித்தார். மற்றதையெல்லாம் துடைத்துவிட்டு, புதனுக்கு நேரே வாழைப்பழம் என்று எழுதினார். முன்யோசனையாகக் குலையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார் மனிதர்.

பழம் கொடுத்து முடிய, உதயகலா ஒரு கோப்பைச் சோற்றை அவர் கையில் கொடுத்தார். "இண்டைக்கு நீங்கள் உபயகாரர் இல்லை. இருங்கோ."

நிலத்தில் மதுஷாவுக்குப் பக்கத்தில் இருந்தார். தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். பிறகு கோப்பையை நீட்டி, எல்லோருக்கும் கேட்கவே சொன்னார்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் பருப்பு விடுங்கோ."