இடது கால் செருப்பு

நைனா,

இன்று காலை லைட்ஹவுஸ் குப்பம் கரையில் ஒரு ரப்பர் செருப்பு ஒதுங்கிக் கிடந்தது. நீல வார், அடியில் சிப்பி ஒட்டியிருந்தது. இடது கால். தூக்கி எறிய மனம் வரவில்லை.

இப்படி ஒதுங்குவதைத்தான் நீ ஜோடி சேர்த்துப் போடுவாய். ஒரு கால் சிவப்பு, ஒரு கால் பச்சை. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அந்தச் செருப்புகளில் உன் கால் நுழையாமல் போனபோதுதான் பிரஷர் மாத்திரையை வலைக்குள் ஒளித்தாய்.

"அத்தத் தின்னா கால் வீங்குது. வீங்கின கால வச்சிக்கினு படகு எப்பிடிடா தள்றது?"

"நிறுத்தினா ஒரு பக்கம் இழுத்துக்கும், வாய் கோணிடும்!" என்று கத்தினேன்.

டாக்டர் மாற்றி எழுதினார். அம்லோடிபின் போய் எஸ்-அம்லோடிபின். அட்டையில் அஞ்சுக்குப் பதில் ரெண்டரை. "பாதி மருந்து குடுத்து ஏமாத்தறான்" என்று அதையும் தள்ளி வைத்தாய். மருந்துக் கம்பெனி லேபில் வேலை பார்ப்பவனுக்கு இதைக் கேட்டால் பொறுக்குமா? என் செருப்பைக் கழற்றி மணலில் வைத்தேன்.

"ரெண்டும் ஒரே ரப்பர், ஒரே வார். கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பியிருக்கு, அவ்ளோதான். மருந்துலயும் இப்பிடி இடது ஒண்ணு, வலது ஒண்ணு இருக்கு. பழைய மாத்திரையில ரெண்டும் பாதிப் பாதி. பிரஷர இறக்குறது ஒண்ணுதான். இன்னொண்ணு சும்மா கூட வருது. கால் வீங்க அதுவும் ஒரு காரணம்னு சொல்றாங்க. புதுசுல வேலை செய்யறது மட்டும்தான் இருக்கு. அதான் பாதி."

"அப்ப இத்தினி நாளா வேணாத செருப்ப முழுங்கினேனா?"

"ஆமா."

"பின்ன இன்னாத்துக்கு ரெண்டையும் சேத்து வித்தான்?"

"செய்யும்போது ரெண்டும் சேந்துதான் வரும். பிரிக்கிறது கஷ்டம்."

நீ சிரித்தாய். "நம்ம கரையில இடது காலுதான் ஜாஸ்தி ஒதுங்குது, பாத்துக்கினியா? கடலே பிரிச்சிப் போடுது. உங்க கம்பெனிக்கு இன்னா கேடு?"

"அதெல்லாம் சும்மா" என்றேன். ஆனால் மாத்திரையைப் போட்டுக்கொண்டாய். வீக்கம் வடிந்தது. மாத்திரையாலா, அம்மா கருவாட்டை நிறுத்தியதாலா, அடித்துச் சொல்ல மாட்டேன். மறுபடி படகு தள்ளினாய். உன்னைக் கொண்டுபோனது பிறகு வந்த ஏதோ ஒரு காய்ச்சல். வாய் கோணவில்லை. கடைசிவரை அந்த வாய் என்னைக் கேலி பேசியது.

லேபில் கலவையைப் பிரிக்கும்போது கம்ப்யூட்டர் திரையில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு மேடுகள் எழும். ஒன்று வந்து மற்றது வரும்வரை உன் "இன்னா கேடு" காதில் கேட்கும்.

இன்று வந்ததை ஜோடி கிடைக்காமல் உன் படகடியில் நீ போட்டுவைத்த குவியலில் சேர்த்தேன். கிளறிப் பார்த்தால், எல்லாம் இடது. ஜோடி சேர்ந்தது போக மிச்சம் எப்படியும் ஒரே பக்கமாகத்தானே இருக்கும், இது நிரூபணம் ஆகாது நைனா. ஒத்துக்கொள்ள மாட்டேன். வலது கால் ஒன்று ஒதுங்காதா என்று பார்த்துக்கொண்டேதான் கரையில் நடக்கிறேன்.