தொடைக்குப் பின்னால் ஒரு டேப்

மார்ச் 4, செவ்வாய்

டேப் ஒட்டினால் தொடைச் சதை இளகுமா என்று பார்க்கும் மருத்துவமனை ஆராய்ச்சிக்குப் பேர் கொடுத்துவிட்டேன். இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காகக் குழிக்குள் குந்தி வேலை பார்த்ததில் தொடையின் பின்பக்கச் சதை விறைத்துப்போயிருக்கிறது. காலை நீட்டி உட்காரவைத்து, அளவுகோல் பதித்த பெட்டியைப் பாதத்தில் முட்டி வைத்தார்கள். குனிந்து பாதத்தைத் தொடப் பார்த்தேன். ஏழு சென்டிமீட்டர் குறைந்தது. ஒரு இயந்திரத்தை உதைக்கச் சொல்லி வலுவையும் அளந்தார்கள். அதுவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

பிறகு இழுபடும் நீல டேப்பை இரண்டு தொடையிலும் ஒட்டினார் பிசியோதெரபிஸ்ட் பெண். சிலருக்கு இழுத்து ஒட்டுவார்களாம், சிலருக்குச் சும்மா. யாருக்கு எது என்பது ரகசியம். நான்கு வாரம், தினமும் பத்து நிமிடம் பயிற்சி. "ஓரம் தூக்கினா வீட்ல யாரையாவது உள்ளங்கையால தேய்ச்சு விடச் சொல்லுங்க சார். சூட்டுலதான் பசை பிடிக்கும்."

வீட்டில் யாரையாவது! நன்றாகச் சொன்னார்.

மார்ச் 6, வியாழன்

இன்று என் மனைவி என்னிடம் பேசியது: "கேஸ் தீர்ந்துபோச்சு." அவ்வளவுதான்.

பதினான்கு மாதமாக இப்படித்தான். தப்பு என்னுடையது, இல்லை என்று சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் வேலை அவளுக்கு. வேறு ஊர்க் கிளைக்குப் பொறுப்பாளராகப் போகச் சொல்லி அவளுடைய மேலாளர் வீடு தேடி வந்தார். அவள் டீயோடு வருவதற்குள் நான் முந்திரிக்கொட்டையாக, "அவ எங்கேயும் போகமாட்டா சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றே தலையணையோடு சின்ன அறைக்குப் போனவள்தான். நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

மார்ச் 8, சனி

வலது டேப்பின் ஓரம் தூக்கியது. கை எட்டியது. எட்டவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அசையாம நில்லுங்க." லென்ஸில் தூசி பார்க்கும் கவனத்தோடு அழுத்தித் தேய்த்தாள். அரை நிமிடம் இருக்குமா? அந்தக் கைச்சூடு… நான் சுவரைப் பார்த்து நின்றேன். நல்லவேளை, முகம் அவளுக்குத் தெரியவில்லை.

மார்ச் 10, திங்கள்

டேப் கெட்டியாக ஒட்டியிருக்கிறது. சனியன்.

மார்ச் 12, புதன்

நேற்று புது டேப் ஒட்டினார்கள். இன்று நானே நகத்தால் கிளப்பிவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, நாற்பத்தெட்டு வயதில்!

"மறுபடியுமா?" என்றாள். வேர்வை என்று சொன்னேன். தேய்த்துவிட்டாள்.

மார்ச் 20, வியாழன்

ஐந்தாவது தடவை. தேய்த்துக்கொண்டே, "குழிக்குள்ள ஒரு ஸ்டூல் போட்டு உட்காரக் கூடாதா?" என்று கேட்டாள். என்னிடம்! ஒரு கேள்வி! தலையை ஆட்டினேன்.

அவள் இருமினால் கேட்கிற தூரத்தில்தான் இருக்கிறாள். அவளுக்காக இப்படி ஏங்கிச் சாகிறேனே, எனக்கு என்ன ஆயிற்று?

ஏப்ரல் 1, செவ்வாய்

கடைசி அளவு. பாதத்தைத் தொட்டேவிட்டேன். டேப்பின் மகிமையா என்று கேட்டேன்.

"இல்ல சார். எல்லாம் முடிஞ்சதால சொல்றேன், உங்களுக்கு இழுக்காம சும்மா ஒட்டினதுதான். எங்க கணக்குல இதுவரைக்கும் ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே தெரியல. கால் வலுவும் அப்படித்தான். பயிற்சியாலதான் நீங்க இவ்வளவு வளைஞ்சிருக்கீங்க."

பிறகு உரித்த டேப்பைத் திருப்பிப் பார்த்தார். "இதுல நகக் கீறல் இருக்கே. குழந்தைங்க இருக்காங்களா வீட்ல?"

நான்தான் என்றேன். என் அளவைக் கணக்கில் சேர்க்க முடியாதாம். ஏன் பிரித்தீர்கள் என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல?

தொடை மொட்டையாக இருக்கிறது. இனி எதைச் சாக்கு வைத்து அவளைக் கூப்பிடுவேன்?

ஏப்ரல் 2, புதன்

சொல்லிவிட்டேன். சமையலறையில், அவள் பாத்திரம் கழுவும்போது.

"டேப்பு தானா பிரியல. நான்தான் பிரிச்சேன்."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"ரெண்டாவது தடவையே. தானா பிரிஞ்சா ஓரம் அழுக்கா இருக்கும். அது புதுசா இருந்துச்சு."

"தெரிஞ்சுமா தேய்ச்சே?"

குழாயை மூடினாள். இப்போது விட்டால் இனி எப்போதும் வராது என்று தோன்றியது. "அன்னைக்கு உன் மேலாளர்கிட்ட நான் பேசியிருக்கக் கூடாது. உன் வேலை, பதிலை நீதான் சொல்லியிருக்கணும்."

"இதைச் சொல்றதுக்கு இத்தனை மாசமா?" அழுதாள். நானும்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த இடம் மறுபடி காலியாகியிருக்கு. நான் போறேன்னு போன வாரமே எழுதிக் கொடுத்துட்டேன்" என்றாள்.

'ஆனா' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "எப்ப கிளம்பணும்?" என்று கேட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் இல்லை.

மே 9, வெள்ளி

மதியம் அவளே போன் செய்தாள். அவளுக்குக் கீழே ஆறு பேராம். அதில் ஒருவன் லென்ஸைத் தொட்டாலே கீறல் விழுமாம். அவனை எப்படி வழிக்குக் கொண்டுவந்தாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். "கேக்கறீங்களா?" என்று நடுநடுவே கேட்டுக்கொண்டாள். நாற்பது நிமிடம்! நான் 'ம்' தவிர வேறு சொல்லவில்லை.

வைக்கும்போது, "ஒரு வாரம் லீவு போட்டுட்டு இங்க வாங்களேன்" என்றாள்.

"வரவா?"

"அதான் சொல்றேன்ல."

லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. நாளை ஆறு மணிப் பேருந்து. இருப்பது நாலே சட்டை, மூன்று தடவை மடித்துவிட்டேன்.