பிரின் டெர்வினும் நம் பரிவட்டமும்

சண்டையை முடிக்காமலே போய்விட்ட என் அண்ணனுக்கு,

இந்த வருஷக் கொடைத் திருவிழாவில் நம் குடும்பத்து அம்மன் கோவில் பரிவட்டத்தை என் தலையில் கட்டினார்கள். நீ இருந்தவரை அந்தப் பட்டுத்துணி உனக்கு மட்டும்தான். ஒரே ஒரு கொடைக்காவது அதைக் கட்டிக்கொண்டு என்னை நிற்க விட்டாயா? அதனால்தான் கொடைக்கே வராமல் அஞ்சுகிராமத்தில் என் வீட்டிலேயே இருந்தேன். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

கல்லூரியில் இப்போது வேல்ஸ் நாட்டு இடைக்கால வரலாறு நடத்துகிறேன். பிரின் டெர்வின் என்ற மலைக்கணவாயில் அண்ணன் தம்பிகள் மூன்றுபேர் மோதினார்கள். அங்கே வழக்கப்படி எல்லா மகன்களுக்கும் நிலத்தில் பங்கு உண்டு. வயலை வரப்புப் போட்டுப் பிரிக்கலாம். சிம்மாசனத்தை எப்படிப் பிரிப்பது? தம்பி ஒருவன் அண்ணனையும் இளையவனையும் சேர்த்துத் தோற்கடித்தான். அண்ணனை வருஷக்கணக்கில் சிறையில் வைத்தான். அவனை விடச்சொல்லி ஒரு புலவன் பாடினானாம்.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். "ஏலே, வெள்ளக்காரன் வீட்டுச் சண்டை எல்லாம் படிச்சிருக்க, நம்ம வீட்டுச் சண்டையில ஜெயிக்கத் தெரியல்லியே!"

ஜெயித்துவிட்டேன், அண்ணே. இனி மூத்தவன் நான்தான் என்று கோவில் கமிட்டிக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். உன் மகன் ஷார்ஜாவிலிருந்து லீவு போட்டு வந்து, கோவில் நடையில் என்னை மறித்தான்.

"சித்தப்பா, எங்க அப்பா நின்ன இடம் எனக்கு உள்ளது. நீங்க ஒரு கொடைக்காவது வந்தியளா?"

"ஒங்க அப்பன் விட்டானாலே?"

அவன் தள்ளிப் போய் நின்றான்.

பரிவட்டம் கட்டி முடிந்ததும் சாமியாடிக்கு அருள் வந்தது. முதல் திருநீறு வாங்க, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "வாடே, எம் பிள்ளே!"

மேளம் நின்றுவிட்டது. "பழக்கதோஷம், நீங்க போங்க" என்று யாரோ என் முதுகைத் தள்ளினார்கள். எனக்குப் பின்னால் நீ தொண்டையைச் செருமினாய். சத்தியமாகக் கேட்டது. திரும்பினேன். உன் மகனும் அதே இடத்தைத்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திருநீறு வாங்காமலே வந்துவிட்டேன். அருள் இறங்கியபின் சாமியாடியிடம் கேட்டால், "நான் ஆரைக் கூப்பிட்டேன்? ஒண்ணும் ஓர்மையில்ல" என்கிறார். பழக்கமா, அம்மனா, நீயா? தோற்றவன் சிறையில் இருந்தான் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஜெயித்தவன் எப்படித் தூங்கினான் என்று எதிலும் இல்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். ஆனால் அடுத்த கொடைக்கு உன் மகன் தலையில் பரிவட்டத்தை நானே கட்டிவிடுவேன். இது உறுதி. நீ அவன் பின்னால் நின்றுகொள். என் பின்னால் வேண்டாம்.

உன்னோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லாத
தம்பி