இரு வீட்டுக் காய்ச்சல்

“எங்க வம்சத்துல அந்தக் காய்ச்சலே கிடையாது” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டு வயலுக்குப் போய்விட்டீர்கள். நம் மகள் மகிழினிக்கு மாதம் தவறாமல் வரும் காய்ச்சல், பரம்பரையாக வரும் இரண்டு காய்ச்சல்கள் கலந்ததாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். ஒன்று என் அப்பா கொடுத்தது, ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்று யாருடையது என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியுமாம்.

சின்ன வயதில் உங்கள் தங்கை வளர்மதிக்கும் இப்படித்தானாம். வரன் வந்ததும் வீடே வாயை மூடிக்கொண்டதாம். இப்போது உங்களிடம் சாவி கொடுத்தாரே, அந்த எதிர்வீட்டு அக்காதான் சொன்னார். நானாகக் கேட்கவில்லை. கொஞ்சம் கேட்டேன்.

பரிசோதனைக்குத் தஞ்சாவூர் போகிறோம். ரசத்தைச் சுடவைத்துக்கொள்ளுங்கள்.

பி.கு.: ரத்தம் கொடுக்க வளர்மதியும் மன்னார்குடியிலிருந்து வருகிறாள், மாமியார் துணையோடு. அந்த அம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரியுமாம். தெரிந்துதான் மருமகளாக்கிக்கொண்டு போனாராம்.