கிட்டார் உறைக்குள் ஃபோம்

அன்பு மகளுக்கு,

அன்பு என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன், அடித்தால் தாள் அசிங்கமாகும் என்று விட்டுவைக்கிறேன். நீ நலமா என்று முறைக்குக் கேட்கிறேன், நலமாகத்தான் இருப்பாய், கூடப் பிறந்த அண்ணனைத் திருடன் என்று இரண்டு பக்கம் எழுதத் தெம்பு இருக்கிறதே. போன் போட்டால் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். இங்கே யாரும் நலமில்லை. உன் கடிதத்தைப் படித்த உன் அண்ணன் வீட்டுக்குள் கால் வைத்துப் பதினேழு நாளாகிறது. சவாரி கிடைத்தால் வாசல் வழியாகவே டாக்சியை ஓட்டிக்கொண்டு போகிறான், முன்பெல்லாம் இரண்டு ஹார்ன் அடிப்பான், இப்போது அதுவும் இல்லை. உன் அப்பா ஒவ்வொரு தடவையும் எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வந்து உட்காருகிறார், என்னத்தைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் வெயில் எப்படி என்று பார்த்தேன் என்கிறார். எல்லாம் உன் அந்தக் குட்டி கிட்டாரால் வந்த வினை. நிலம் அளக்கிற வேலையில் மாதம் ஒரு கூடாரம் மாறுகிறேன், பெரிய கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்று சொல்லி ஒன்று வாங்கினாயே, வயலினுக்கு அக்கா மாதிரி, அதைத்தான் சொல்கிறேன். நீ கிளம்பிய அன்றைக்கு அவன் டாக்சி டிக்கியில் இருந்தபோது அண்ணன் அதை எடுத்துவிட்டு உறைக்குள் ஃபோமை அடைத்துவிட்டான் என்று எழுதியிருக்கிறாய். அவன் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

படித்துவிட்டுக் குதிக்காதே, முழுக்கப் படி. எனக்கு உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி வேறொரு காரணத்துக்காக. உறையைத் திறந்து பார்த்தாய் அல்லவா, அந்த ஃபோமை உன் அண்ணன் வெட்டியிருப்பான் என்று எப்படியடி நினைத்தாய்? அவன் கையில் கத்தரியைப் பார்த்திருக்கிறாயா, தன் சட்டையில் பட்டன் தைக்கவே என்னிடம் வருகிறவன். கிட்டார் மாதிரியே இடுப்பு வளைவு இரண்டு பக்கமும் ஒரே அளவில், ஓரம் பிசிறில்லாமல், கழுத்துக்குள் சீட்டுச் சட்டத்தில் மிஞ்சிய மரத்துண்டு, எடைக்காக நடுவில் கெட்டி ஃபோம் இரண்டு அடுக்கு. இருபத்தாறு வருஷமாக வண்டி சீட்டு தைத்து உன்னைப் படிக்க வைத்தவளின் வெட்டு உனக்கு அடையாளம் தெரியவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். கிளம்புகிற அன்றைக்குக் காலையில் உன் அறைக்குள் வந்து பார்த்தாய், தையல் மெஷின் உள்ளே வந்திருந்தது, உன் கட்டில் மேல் ஃபோம் ஷீட் அடுக்கியிருந்தேன், பட்டறைக் கூரை ஒழுகினால் வேறு எங்கே வைப்பேன்? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. "இந்த வீட்ல என்னோடதுன்னு ஒண்ணுமே இல்லம்மா"ன்னு சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாய். நான் கிட்டாரை உறையிலிருந்து எடுத்து ஒளித்துவைத்துவிட்டுக் கத்தரியைத் தூக்கினேன். நீ குளித்துத் தலை துவட்டி வருவதற்குள் வெட்டி, அடைத்து, ஜிப்பை இழுத்துவிட்டேன். பாதி வழியில் தொட்டுப் பார்ப்பாய், கத்திக்கொண்டே அண்ணனை டாக்சியைத் திருப்ப வைப்பாய், வந்ததும் அந்த ஒரு வார்த்தைக்கு உன்னை நாலு கேள்வி கேட்கலாம் என்று வாசலில் நின்றேன். நீ வரவில்லை. நான் அவ்வளவு நன்றாக வெட்டித் தொலைத்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்துத்தான் திறந்தே பார்த்திருக்கிறாய், அதில் தெரிகிறது உன் வாசிப்பு லட்சணம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உனக்கு வயிறு எரியட்டும். நான் அதை வாசிக்கிறேன். உன் அப்பாவின் பெரிய கிட்டார் நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வீட்டில் இருக்கிறது, உனக்குச் சொல்லித் தந்தார், எனக்கு ஒருநாளும் சரிப்பட்டதில்லை. மடியில் வைத்தால் அது என் மோவாய் வரைக்கும் வரும், வலது கையை அதன்மேல் போட்டால் தோள் கடுக்கும், இடது கை கழுத்தின் நுனிக்கு எட்டாது. உனக்குக் கை குட்டை என்றார், நானும் நம்பினேன். கை ஒன்றும் குட்டை இல்லை, பெட்டிதான் பெரிசு. இந்தக் குட்டியை முதல்முதலாக மடியில் வைத்தபோது இரண்டு கையும் தானாகப் போய் உட்கார்ந்தன. அடித்தொண்டை கொஞ்சம் கம்மிதான், ஆனால் தெளிவாகப் பேசுகிறது, கம்பியைத் தட்டினால் வயிற்றில் அதிர்கிறது. தைத்து முடித்த சீட்டில் உட்கார்ந்து சரிபார்ப்பேன் அல்லவா, இப்போது அதையும் மடியில் வைத்துக்கொண்டுதான் சரிபார்க்கிறேன். உன் அப்பா முதலில் ரேடியோ என்று நினைத்திருக்கிறார். கண்டுபிடித்த மறுநாள் பட்டறைக்கு வந்து சுதி சேர்த்துக் கொடுத்துவிட்டு, "இப்படி வாசிச்சா கம்பி அழும்"னு சொல்லி விரலைப் பிடித்து வைத்தார். மூன்று பிடி வருகிறது. நாலாவதில் சுண்டுவிரல் மக்கர் பண்ணுகிறது.

இவ்வளவு சந்தோஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன், நீ அவனைத் திருடன் என்று எழுதாமல் இருந்திருந்தால். அப்படியும் பதினேழு நாள் வாயைத் திறக்கவில்லை, அது என் தப்பு, அதற்காக நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. நேற்று டாக்சி ஸ்டாண்டுக்குப் போய் மற்ற டிரைவர்கள் முன்னாலேயே அவனிடம் சொல்லிவிட்டேன். மன்னிச்சிடுப்பா என்றேன். "நீ கேக்க வேணாம்மா, அவ கேக்கட்டும்"னு சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். ஆகவே கேள். கடிதத்தில் இல்லை, போனில் இல்லை, அவன் முகத்தைப் பார்த்து.

கிட்டாரைப் பார்சலில் அனுப்புவேன் என்று கனவு காணாதே. கூரையை அடைத்தாயிற்று, மெஷினும் ஃபோமும் பட்டறைக்குப் போய்விட்டன. அதற்குப் புது உறை ஒன்று தைத்திருக்கிறேன், உள்ளே அளவெடுத்து ஃபோம் வைத்து, உன் கட்டில் மேல்தான் படுத்திருக்கிறது. இந்த வீட்டில் உன்னுடையது என்று இப்போது ஒன்று இருக்கிறது, வந்து எடுத்துக்கொள். நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, ஒழுங்காகச் சாப்பிடு. வரும்போது கம்பி ஒரு செட் வாங்கி வா, மூன்றாவது கம்பியை நான் தேய்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
நீ தேடிக்கொண்டிருந்த திருடி,
உன் அம்மா