பித்தான் போட்டுவைத்த டப்பாக்கள்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

பார்சல் வந்தது. மேலே ஒட்டிய முகவரிச் சீட்டு வழக்கம்போல் ஸ்கேல் வைத்து ஒட்டியதுபோல் இருக்கிறது. பார்சல் ஆபீசில் பதினைந்து வருஷம் சீட்டு ஒட்டிய கை சும்மாவா? போனில் பேசினால் போதாதா என்கிறார் உங்கள் தம்பி. பார்சலுக்குள் உங்கள் கடிதம் இல்லாவிட்டால் எனக்கு அந்த மாதமே சப்பென்று போய்விடும் என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

முக்கியமான சேதி: நீங்கள் அத்தை ஆகப்போகிறீர்கள். மூன்று மாதம். "எப்போ, எப்போ" என்று இரண்டு வருஷமாக என்னைப் பிடுங்கி எடுத்தீர்களே, இனி நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஒரு புகார். நீங்கள் மாதாமாதம் அனுப்பும் சத்து மாத்திரையை அவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. லிஃப்ட் ரிப்பேருக்கு வெளியூர் போனால் பதினைந்து நாள் டப்பா அலமாரியிலேயே கிடக்கும். போன மாதம், "அத விடுங்க, ஒழுங்கா சாப்பிட்டாலே சத்து வந்துடும்" என்று நானும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். காலியானவை வீண்போகவில்லை. பதினேழு டப்பா என் தையல் மேஜைக்கு மேலே வரிசையாக நிற்கிறது. ஒன்றில் வெள்ளைப் பித்தான், ஒன்றில் கறுப்பு, ஒன்றில் கொக்கி. லேபிள் இல்லாமல் வழவழவென்று இருப்பதால் பார்க்கவும் அழகு.

அடுத்த வாரம் எங்கள் தெரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை. ஊசிக்கெல்லாம் நான் பயப்படுவேனா? நாள் முழுக்கக் குத்திக்கொள்வதுதானே என் பிழைப்பு.

உங்கள் செல்லத்
தையல்காரி


ஜனவரி 15

என் கண்ணே,

"அத்தை" என்று நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரியிடம் காட்டினேன், அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

ஆனால் நான் ஒன்று சொன்னால் கேட்பாயா? அந்தக் கிளினிக்குக்குப் போகாதே. அங்கே வருகிறவர்களுக்கு வாய் நீளம், ஒன்று என்றால் ஒன்பது என்பார்கள். நீ இங்கே வா. எனக்குத் தெரிந்த டாக்டரம்மா இருக்கிறார், எல்லாம் நான் பேசிக்கொள்கிறேன்.

தம்பிக்கு மாத்திரை ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. விளையாட்டுக்குக்கூட அவனிடம் அப்படிச் சொல்லாதே. அந்தக் காலி டப்பாக்களையும் தூக்கிப் போட்டுவிடு. பித்தானுக்குக் கண்ணாடிப் புட்டி வாங்கி அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னையே நினைத்திருக்கும்
அண்ணி


ஜனவரி 28

அண்ணி,

உங்கள் கடிதம் வரும் முன்பே ரத்தம் கொடுத்துவிட்டேன்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. நர்ஸம்மா கதவைச் சாத்திவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். வேறு கருவியில் திரும்பவும் பார்த்தார்கள். அதுவும் அதையே சொன்னது.

"நான் வீடும் மெஷினுமா இருக்கிறவ. எனக்கு எப்படி வரும்?" என்று கேட்டேன்.

"வீடே கதின்னு இருக்கிறவங்கதாம்மா இங்க நிறைய வர்றாங்க. நமக்கெல்லாம் வராதுன்னு யாரும் டெஸ்ட் பண்ணிக்கிறதில்ல. புருஷன்கிட்ட கேக்கவும் தோணாது."

தையல் ஊசி குத்தியதால் இருக்குமோ என்று விரலைக் காட்டினேன். பார்த்துக்கொள்ளுங்கள், அப்போதும் என் ஊசியைத்தான் சந்தேகப்பட்டேன். தன் ஊசி தன் விரலில் குத்தி இது வராது என்றார்.

பிறகு எனக்கான மாத்திரையை எடுத்து மேஜைமேல் வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது என் பித்தான் டப்பாவாச்சே" என்றேன். அதே வெள்ளை, அதே மூடி. இதில் மட்டும் லேபிள் இருந்தது. படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டுக்கு ஓடிவந்து, அலமாரியிலிருந்து உங்கள் தம்பியின் மாத்திரையை எடுத்துப்போய்க் காட்டினேன். மாத்திரைமேல் அச்சடித்த எழுத்தைப் பார்த்துவிட்டு, "இது சத்து மாத்திரை இல்லம்மா, இதுவும் அதேதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து உங்கள் தம்பியிடம் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா சொல்ல வேணாம்னாங்க" என்றார். முப்பத்தினாலு வயது ஆண்பிள்ளை.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரியுமா?

தையல்காரி


பிப்ரவரி 5

கண்ணே,

தெரியும். கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்பே தெரியும்.

அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள், தனி மரமாக நின்றுவிடுவானே என்று பயந்தேன். தினமும் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்கு அடங்கியிருந்தால், கட்டிக்கிறவளுக்கு வராது என்றார் டாக்டர். அவளிடம் சொல்லித்தான் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். முதலில் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன், இரண்டாவதை விட்டுவிட்டேன். நீ வந்த பிறகு சொல்ல வாயெடுப்பேன். உன் கடிதம் வரும். இந்தப் பெண் என்னை விட்டுப் போய்விடுவாளே என்று அடுத்த டப்பாவையும் வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரிப்பேன்.

என்னைத் திட்டு. ஆனால் வெளியே தெரிய வேண்டாம், குடும்ப மானம் போய்விடும். அந்தக் கிளினிக்கில் நீ வரிசையில் நிற்க வேண்டாம். உனக்கும் இங்கேயே வாங்கி அனுப்ப வழி பார்க்கிறேன். லேபிளை எடுத்துவிட்டே அனுப்புகிறேன், யாருக்கும் தெரியாது.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
அண்ணி


பிப்ரவரி 12

அண்ணிக்கு,

உங்கள் கடைசி வரியைப் படிக்கும்வரை, எப்படியாவது உங்களை மன்னித்துவிட முடியுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி இருபத்தாறு மாதம், உங்கள் பார்சலும் இருபத்தாறு. காலியானது பதினேழு. மீதி ஒன்பது டப்பா மாத்திரை அலமாரியில் அப்படியே கிடக்கிறது. இன்னதென்று சொல்லியிருந்தால், கல்யாணம் வேண்டாம் என்றிருப்பேனோ, சரி என்றிருப்பேனோ, எனக்கே தெரியாது. சரி என்றிருந்தால், அவர் எந்த ஊருக்குப் போனாலும் பையில் நானே எடுத்து வைத்திருப்பேன். வேளைக்குப் போன் போட்டு விழுங்கச் சொல்லியிருப்பேன். நீங்கள் சத்து மாத்திரை என்றீர்கள். நான் நம்பி, "அத விடுங்க" என்றேன். என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொள்ள என் வாயையே பயன்படுத்திக்கொண்டீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் மறைத்தது ஒரு வலி. உங்களை நான் அவரைவிட நம்பினேன்.

தினமும் தவறாமல் சாப்பிட்டால், பிறந்ததும் குழந்தைக்கும் மருந்து கொடுத்தால், அதற்கு வராமல் காப்பாற்றிவிட முடியும் என்கிறார் நர்ஸம்மா. காலை எட்டு மணிக்கு, மெஷினில் உட்காரும் முன் விழுங்குகிறேன். உங்கள் தம்பியும் இங்கேயே பதிந்துகொண்டார், இனி பார்சல் வேண்டாம். முன்னறையில் படுக்கிறார். அவரை என்ன செய்வது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. உங்களைப் பற்றி எடுத்துவிட்டேன்.

பித்தான்களைக் கொட்டிக்கொண்டு பதினேழு டப்பாவையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சீட்டு கோணலாகத்தான் ஒட்டியிருக்கும்.

என் டப்பா லேபிளோடு மேஜைமேல் இருக்கிறது. நேற்று அளவு கொடுக்க வந்த ஒருத்தி, "என்னக்கா மாத்திரை?" என்று கேட்டாள். மென்று விழுங்காமல் சொல்லிவிட்டேன். இடுப்பில் நான் சுற்றியிருந்த அளவு நாடாவை அவளே அவிழ்த்தாள். கிளம்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அந்த டெஸ்ட் எத்தனை மணிக்குக்கா எடுக்கறாங்க?" என்றாள்.

தனியாகப் போகப் பயமாக இருக்கிறதாம். நாளைக் காலையில் நான் துணைக்குப் போகிறேன். அன்றைக்கு எனக்குத் துணையாக நீங்கள் வந்திருக்க வேண்டும் அண்ணி.

இனி எழுத மாட்டேன்.

தையல்காரி